சாமுவேலின் கணையமும் கோமளாவின் செயினும்

புதிதாகப் பணிக்கு வந்திருக்கும் இளம் டாக்டர்களான உங்களுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். நான் குணப்படுத்தியவர்களைப் பற்றி எழுதலாம். ஆனால் அவர்களில் பாதிப் பேர் நான் இல்லாவிட்டாலும் பிழைத்திருப்பார்கள். மீதியில் சிலர் நான் இருந்தும் பிழைத்தவர்கள். அந்தச் சிலரில் ஒருவனைப் பற்றிச் சொல்கிறேன். இதைப் படித்துவிட்டு என்னைக் கொஞ்சம் மட்டமாக நினைத்தால் எனக்கு வருத்தமில்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

எண்பதுகளின் கடைசியில் அம்பத்தூரில் இருபது படுக்கை கொண்ட ஒரு நர்சிங் ஹோமில் முழுநேர டாக்டராக இருந்தேன். முப்பத்து மூன்று வயது. எனக்கு அப்போது ஞானதிருஷ்டி இருந்தது. நோயாளி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என்ன வியாதி என்று சொல்லிவிடுவேன். நடையைப் பார்த்தால் மூட்டு, மூச்சைப் பார்த்தால் நெஞ்சு, கண்ணைப் பார்த்தால் கல்லீரல். ஒருமுறை கையை அடிவயிற்றில் வைத்துக்கொண்டு லேசாகக் குனிந்து வந்த ஒருவரைப் படுக்கச் சொல்லி, நாக்கை நீட்டச் சொல்லி, வயிற்றை நாலு மூலையிலும் அமுக்கிப் பார்த்து, குடல்வால்தான் என்று முடிவு கட்டினேன். அவர் மின்விசிறி ரிப்பேர் செய்ய வந்தவர். கால்சட்டைப் பையில் ஓட்டை, திருப்புளி விழாமல் இருக்கக் கையால் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். டாக்டர் சொல்கிறாரே என்று பேசாமல் படுத்திருக்கிறார். இதில் பாடம் கற்றிருக்க வேண்டும். நான் கற்கவில்லை. அவருக்குக் குடல்வாலில் ஏதோ இருக்கலாம் என்றுதான் இரண்டு நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

எஸ்டேட் தொழிற்சாலைகளில் சம்பளம் போடுகிற வாரம் வந்தால் திங்கட்கிழமை காலையில் எங்கள் வராந்தா நிறைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் குடித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள். 'திங்கட்கிழமை வயிற்றுவலி' என்று அதற்கு நானே பெயர் வைத்திருந்தேன். பெயர் வைத்ததில் ஒரு பெருமை வேறு.

சாமுவேல் வந்தது அப்படி ஒரு திங்கட்கிழமை. இருபத்தாறு வயது, மேனாம்பேட்டில் வீடு, லேத் ஓட்டுகிறவன். தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு முன்பக்கம் மடிந்து உட்கார்ந்திருந்தான். கண் சிவந்திருந்தது. வாந்தி நிற்கவில்லை. வலி முதுகுவரை பாய்கிறது என்றான். கூட அவன் அம்மா. இரவு டூட்டி டாக்டர் அல்சர் என்று எழுதி வைத்திருந்தார். நான் அதை அடித்துவிட்டு, கணைய அழற்சி என்று எழுதி, ரத்தத்தை, கணையம் கெட்டால் ஏறும் அமைலேஸ் பார்க்க நகரத்து லேபுக்கு ரயிலில் அனுப்பினேன். மாலைக்குள் முடிவு வந்தது. அமைலேஸ் எகிறியிருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரைக்கும் எல்லாம் சரி. அன்றோடு நான் வாயையும் பேனாவையும் மூடியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

கேஸ் ஷீட்டில் காரணம் என்ன என்று ஒரு கட்டம் இருக்கிறதல்லவா, அதை நிரப்ப வேண்டும். குடிப்பழக்கத்தைப் பற்றி அவனிடம் விசாரித்தேன். அவன் மிரண்டுபோய் அம்மாவைப் பார்த்தான். சமீபத்தில் வேறு ஏதாவது உடம்புக்கு வந்ததா என்று கேட்டேன். மறுபடியும் அம்மாவைப் பார்த்துவிட்டு, இல்லை என்றான். இரண்டுக்கும் ஒரே திருட்டு முழி. எனக்கு வேறென்ன வேண்டும்? கட்டத்தில் 'மது' என்று எழுதி அடியில் கோடும் போட்டேன்.

எங்கள் தலைமை நர்ஸ் அம்மையார் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நான் போட்ட கோட்டைப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னார். அந்தப் பையன் குடும்பம் போகிற சபையைத் தனக்குத் தெரியும், அங்கே குடி என்ற பேச்சே கிடையாது, நகைகூடப் போடமாட்டார்கள், கல்யாணத்தில் தாலிக்குப் பதில் வேதாகமத்தைத்தான் மாற்றிக்கொள்வார்கள் என்றார். சபைக்குப் போகிறவர்களுக்கு வயிற்றில் கணையம் கிடையாதா என்று நான் கேட்டேன். இளைய நர்ஸ்கள் இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இப்போது நினைத்தால் காது சூடாகிறது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு, வெள்ளை வேட்டி சட்டையில் ஒரு பெரியவர் கையில் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வராந்தாவில் என்னை நிறுத்தினார். பையனுக்கு என்ன என்று கேட்டார். முகத்தில் அத்தனை கவலை. அப்பாதான் என்று ஞானதிருஷ்டி சொல்லிவிட்டது. யாரென்று கேட்கவில்லை. கேட்பது எதற்கு? குடியால் கணையம் வெந்துபோயிருக்கிறது, இனிமேல் தொட்டால் உயிருக்கே ஆபத்து, பெற்றவர்கள் கண்டித்து வளர்த்திருந்தால் இந்த வயதில் இப்படி வருமா என்று ஐந்து நிமிடம் பொழிந்து தள்ளினேன். அவர் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. ஹார்லிக்ஸ் பாட்டிலை நர்ஸ் மேஜையில் வைத்துவிட்டு, நன்றி என்று சொல்லிவிட்டு, பையனைப் பார்க்காமலே திரும்பிப் போனார்.

சாமுவேலுக்கு அப்பா இல்லை, அவர் போய் எட்டு வருடம் ஆகிறது என்பது புதன்கிழமை தெரிந்தது. அவன் அம்மா என் அறைக்கு வந்து நின்றார். பத்து நாளில் பையனுக்குக் கல்யாணம். பெண் பட்டாபிராம். அவர்கள் சபையில் மூன்று ஞாயிறு அடுத்தடுத்துக் கல்யாண அறிவிப்பு வாசிப்பார்களாம். யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் எழுந்து சொல்லலாம். இரண்டு ஞாயிறு வாசித்தாகிவிட்டது. மூன்றாவதை வாசிக்க வேண்டாம் என்று பெண்ணின் அப்பா சொல்லி அனுப்பிவிட்டார். வெள்ளை வேட்டிக்காரர் அவர்தான்.

"எம் புள்ள குடிக்கிறவன் இல்லீங்கய்யா," என்றார் அந்த அம்மா. "நீங்க ஒரு வார்த்த சொன்னா அவரு கேப்பாரு. நீங்க சொன்னதத்தான கேட்டாரு."

அந்தக் கடைசி வாக்கியத்தில் குத்தல் எதுவும் இல்லை. உள்ளதைத்தான் சொன்னார். அப்போதாவது நான் அசைந்திருக்க வேண்டும். அசையவில்லை. தாய் மனசு நம்பாது என்று ஆறுதல் சொல்லி அனுப்பினேன். ஆனால் ஒரு சங்கடம் உள்ளே புகுந்துவிட்டது. நோயாளியின் விஷயத்தை வராந்தாவில் போகிறவரிடம் கொட்டியவன் நான். உண்மையாகவே அவன் குடிகாரனாக இருந்தாலும் அதைச் சொல்ல எனக்கு உரிமை கிடையாது. யார் கேட்டாலும் முதலில் 'நீங்கள் யார்' என்று கேளுங்கள். மூன்று நொடி ஆகும். அதை மிச்சம் பிடித்தவன் ஒரு கல்யாணத்தை நிறுத்தினான்.

வியாழக்கிழமை மாலை பார்வையாளர் நேரம். சாமுவேலுக்கு வலி குறைந்து, தண்ணீர் குடிக்க ஆரம்பித்திருந்தான். நான் ரவுண்ட்ஸில் அவன் கட்டிலருகே இருந்தபோது பக்கத்து வீட்டுக் கோமளா வந்து நின்றார். ஆட்டோ ஓட்டுகிறவரின் மனைவி, நல்ல கணீர்க் குரல். சாமுவேலின் அம்மாவிடம் தன் செயின் எங்கே என்று கேட்டார். அம்மா முகம் செத்துவிட்டது. சாமுவேல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

என் மூளை எப்படி ஓடியது பாருங்கள். செயின். காணோம். குடிகாரன். அடகு. வார்டே கேட்கும்படி, அடுத்த வீட்டுச் செயினையும் விட்டுவைக்கவில்லையா என்று அவனைக் கேட்டேன். கோமளா என் பக்கம் திரும்பினார்.

"இன்னா டாக்டரு, இன்னா பேசுற நீ? அத்த நான்தான குட்த்தேன். ரெண்டு கன்னமும் பூரி கணக்கா ஊதிக்கினு கெடந்தான், பொன்னுக்கு வீங்கி. கழுத்துல தங்கம் கெடந்தா வடியும்னு நான்தான் மாட்டி உட்டேன். இப்போ எங்க ஊட்டுக்காரருக்கு வந்துகீது. அதான் வாங்கிகினு போலாம்னு வந்தேன்."

எப்போது வீங்கியது என்று கேட்டேன். போன வாரத்துக்கு முந்தின வாரம் என்றார். தெருவில் எத்தனை பேருக்கு என்று கேட்டேன். எதிர்வீட்டில் ஒருவருக்கு, மூலை வீட்டில் இரண்டு பேருக்கு, பிறகு சாமுவேலுக்கு. எல்லாருக்கும் அதே செயின்தான் போய் வந்திருக்கிறது. அந்தத் தெருவில் வைரஸ் எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குப் போனது என்பதைக் கோமளாவின் செயின் வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் எடுத்திருக்க வேண்டிய விவரம் அது. உட்கார ஒரு ஸ்டூல்கூடக் கேட்காமல், நின்றபடியே எனக்குக் கொடுத்துவிட்டு, செயின் சாமுவேல் வீட்டு அரிசி டப்பாவில் பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டு கோமளா கிளம்பிப் போனார்.

சாமுவேல் பிறகு சொன்னான். அவர்கள் சபையில் தங்கம் போடுவது கூடாது. அதிலும் நோய்க்குத் தங்கத்தை நம்பிப் போடுவது இன்னும் பெரிய தப்பு. வீங்கியபோது காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள்ளேயே கிடந்தான். முதல் அறிவிப்பு வாசித்த ஞாயிறன்று சபைக்கே போகவில்லை. செயின் விஷயம் வெளியே வரக்கூடாது என்றால் வீக்கமும் வெளியே வரக்கூடாது. அதனால்தான் வேறு உடம்பு எதுவும் இல்லை என்று என்னிடம் சொன்னான். திருட்டு முழி உண்மைதான். திருடியது வேறு. குடித்திருப்பான் என்று நான் சந்தேகப்பட்ட, இரண்டாவது அறிவிப்பு வாசித்த அந்த ஞாயிறு முழுக்க அவன் சபையில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தவன். அன்று இரவு வலி தொடங்கியிருக்கிறது.

டூட்டி ரூமில் போய்ப் பாடப்புத்தகத்தைத் திறந்தேன். கணைய அழற்சியின் காரணங்களில் பித்தக்கல், மது, அதற்குக் கீழே ஒரு வரியில் வைரஸ்கள், முதல் பெயரே பொன்னுக்கு வீங்கி. பரீட்சைக்கு இதை ஒப்பித்தவன் நான். ஆனால் புத்தகம் என்னை அவ்வளவு எளிதாக விடவில்லை. அந்த வைரஸ் எச்சில் சுரப்பியைத் தாக்கும்போதே அமைலேஸ் ஏறிவிடும். கணையம் சும்மா இருந்தாலும் ஏறும். அப்படியானால் நான் தலைகால் புரியாமல் குதித்த அந்த எண்ணுக்கு அர்த்தமே சந்தேகம். வலியும் வாந்தியும் முதுகுக்குப் பாய்ந்த விதமும் கணையம்தான் என்று சொல்கின்றன. அதை அந்த வைரஸ்தான் செய்தது என்று நிரூபிக்க அன்றைக்கு என்னிடம் ஒரு சோதனையும் இல்லை. இருக்கலாம். பெரும்பாலும் இருக்கலாம். அதற்கு மேல் ஒரு சொல்லும் நேர்மையாக எழுத முடியாது. நாலு புத்தகத்தைப் பரப்பி வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தேன். தலைமை நர்ஸ் வந்து பார்த்தார்.

"குடின்னு எழுதறப்போ ஒரு புஸ்தகமும் பாக்கலியே சார்," என்றார்.

பணியில் எனக்குக் கிடைத்த சான்றிதழ்களில் இதுதான் சரியானது. கேஸ் ஷீட்டில் 'மது' என்பதை அடித்து, பக்கத்தில் 'ஆதாரம் இல்லாமல் எழுதியது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதன் கீழே 'வைரஸ் தொற்று, இருக்கலாம்' என்று எழுதினேன். கோடு போடவில்லை. ஆனால் பேப்பரில் அடித்தால் பட்டாபிராமில் அழியாது. நானே வந்து சொல்கிறேன் என்று சாமுவேலிடம் சொன்னேன். அவன் கையைப் பிடித்துக்கொண்டான். வீக்கத்தைச் சொல்லுங்கள் சார், செயினைச் சொல்லாதீர்கள் என்றான். சொல்லமாட்டேன் என்றேன். அந்த ஒரு வாக்கைக் காப்பாற்றினேன்.

சனிக்கிழமை அவனை டிஸ்சார்ஜ் செய்து, மதியம் நான், அவன், அவன் அம்மா மூன்று பேரும் பட்டாபிராமுக்கு ரயிலேறினோம். ஆவடி தாண்டும்வரை பெண் வீட்டில் பேச வேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு ஒத்திகையிலும் நான் பெருந்தன்மையாக மன்னிப்புக் கேட்டேன், அவர்கள் நெகிழ்ந்து காபி கொடுத்தார்கள். நிஜத்தில் தண்ணீர்கூட வரவில்லை. பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் மகள் எஸ்தர், ஆவடியில் பள்ளி டீச்சர், சமையலறை வாசலில் நின்றிருந்தாள். நான் சொன்னதெல்லாம் தவறு, உங்களைப் பையனின் அப்பா என்று நினைத்து உளறிவிட்டேன், அவனுக்கு வந்தது பொன்னுக்கு வீங்கி, அதிலிருந்துதான் கணையத்துக்கு வந்திருக்க வேண்டும் என்று சொல்லி முடித்தேன்.

"இருக்கணும், இருக்கலாம்லாம் வேணாம் டாக்டர்," என்றார் பெரியவர். "குடியினால வரலைன்னு ஆண்டவருக்கு முன்னால சாட்சி சொல்ல முடியுமா?"

முடியும் என்று ஒரு சொல். அவ்வளவுதான் வேண்டும். சாமுவேலின் அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை ஒன்றும் தெரியாமல் ஒரு கல்யாணத்தைக் கெடுத்தவன், சனிக்கிழமை கொஞ்சம் கூட்டிச் சொல்லி அதைச் சேர்த்து வைத்தால் என்ன கெட்டுவிடும்? நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் நாளைக்கு இன்னொரு டாக்டர் அவரிடம் அப்படியெல்லாம் அடித்துச் சொல்ல முடியாதே என்று சொல்லிவிட்டால், அந்தப் பெண்ணின் வீட்டுக்குள் என் பொய்யும் சேர்ந்து குடித்தனம் செய்யும். சொல்ல முடியாதுங்க என்றேன். என்னால் நிரூபிக்க முடியாது, நான் நம்புகிறேன், குடி என்று எழுதியதற்கோ என்னிடம் எதுவுமே இல்லை, இவ்வளவுதான் எனக்குத் தெரியும் என்றேன். சாமுவேலின் அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"அன்னிக்கு அவ்ளோ உறுதியா சொன்னீங்களே," என்றார் பெரியவர்.

"அன்னிக்கு எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. அதான் உறுதியா சொல்லிட்டேன்."

அவர் என்னை விட்டுவிட்டு சாமுவேலைப் பார்த்தார். கன்னம் வீங்கியதைச் சபையில் ஒருவருக்கும் சொல்லாமல் ஏன் மறைத்தாய் என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். ஏதாவது சாக்குச் சொல்லிவிடு என்று உள்ளுக்குள் அவனைக் கெஞ்சினேன். சாமுவேல் எழுந்து நின்றான். ஐந்து நாள் சரியாகச் சாப்பிடாத உடம்பு, சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"கழுத்துல தங்கச் செயின் போட்டிருந்தேங்கய்யா. ஒம்பது நாள். வீக்கம் வடியும்னு."

பெரியவர் முகம் இறுகியது. குடியையாவது மன்னிப்பார், இதை மன்னிக்கமாட்டார் என்று எனக்குத் தோன்றியது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அப்போதுதான் எஸ்தர் பேசினாள். அப்பாவிடம் இல்லை, என்னிடம். அவரைக் குடிப்பீர்களா என்று நீங்கள் கேட்டீர்களா டாக்டர் என்றாள். கேட்டேன் என்றேன்.

"என்னன்னு கேட்டீங்க?"

வாத்தியாரம்மா கேள்வி. உங்களிடம்கூட மேலே 'விசாரித்தேன்' என்று மழுப்பித்தான் எழுதியிருக்கிறேன். அவளிடம் மழுப்ப முடியவில்லை. வலியில் மடிந்து கிடந்தவனிடம், அவன் அம்மாவை வைத்துக்கொண்டு, "ஒரு நாளைக்கு எவ்ளோ குடிப்பே?" என்று கேட்டதைச் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். சாமுவேல் பக்கம் திரும்பி, நீங்க குடிப்பீங்களா என்று கேட்டாள். இல்லை என்றான். எப்பவாவது என்று கேட்டாள். இல்லை என்றான்.

"சொல்லக்கூடாத செயினையே சொல்லிட்டாருப்பா," என்றாள். "குடிச்சிருந்தா அதையும் சொல்லியிருப்பாரு. மூணாவது அறிவிப்பை நாளைக்கு வாசிக்கச் சொல்லுங்க."

பெரியவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். வேட்டி நுனியைச் சரிசெய்துகொண்டார். பிறகு, பையன் நாளைக்குச் சபையில் வந்து உட்கார உடம்பில் தெம்பிருக்குமா என்று என்னிடம் கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பதில் எனக்கு நன்றாகத் தெரியும், வாய்வரை வந்தும்விட்டது. அதை விழுங்கிவிட்டு சாமுவேலைப் பார்த்தேன்.

"நீங்க சொல்லுங்க சாமுவேல். முடியுமா?"

"முடியும் சார்," என்றான்.